பழைய கேபின் குரூசர்: எட்டு வருடமாக மேலிருந்து ஒழுகும் கதை

என் படகின் முன் ஹேட்ச்சை (மேல்தளத்துத் திறப்பின் மூடியை) கழற்றி மறுபடி பதித்து முடித்த கையோடு ஒரு நண்பரின் கேள்வி வந்து சேர்ந்தது. 1980களில் வார்த்த ஃபைபர்கிளாஸ் கேபின் குரூசர் (தங்கும் அறையுள்ள மோட்டார் படகு) ஒன்று மலிவாக வருகிறதாம். என்னுடையதும் அதே ரகம்தான். வாங்கினால் முதலில் எதை மாற்றலாம், சார்ட்பிளாட்டரா (கடல் வரைபடம் காட்டும் திரை), மெத்தையா, எஞ்சினா என்று கேட்டிருந்தார். மூன்றும் இல்லை. முதலில் மாற்ற வேண்டியது கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), ஸ்டான்சன் (பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் தூண்), ஜன்னல் ஆகியவற்றின் அடியில் இருக்கும் சீலன்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பொருள். இதைச் சொன்னால் யாருக்கும் ரசிப்பதில்லை. சீலன்ட்டைப் படம் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட முடியாது அல்லவா.

நீளம், எஞ்சின், ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் அலகு பின்புறம் வெளியே) என்ற விவரமெல்லாம் இந்த ரகப் படகு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. எட்டு வருடப் பயன்பாட்டில் ஹல் (படகின் அடி உடல்) ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அந்தக் காலத்தில் ஃபைபரைக் கனமாகவே போட்டிருக்கிறார்கள், அலையில் இறங்கும்போது தட்டுகிற சத்தமே வேறு. குறை சொல்ல வேண்டியது டெக்கை, அதாவது மேல்தளத்தை. படகுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, மேலிருந்து வருகிற மழைதான் படகைத் தின்கிறது.

படுக்கைக்கு மேல் சொட்டுகிறது என்றால் அதற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். டெக் என்பது இரண்டு ஃபைபர் தோல், நடுவே பால்சா என்ற லேசான மரம் அல்லது பிளைவுட். மேல்தோலில் உள்ள போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, நடு மரத்தில் ஊறி, கேபினின் உள்கூரை உறையான ஹெட்லைனருக்குப் பின்னால் ஓடி, எங்கே ஸ்க்ரூ தெரிகிறதோ அங்கே வெளியே வரும். ஒன்றரை மீட்டர் தள்ளி வெளிவருவதெல்லாம் சாதாரணம். பிளைவுட்டில் நாரின் போக்கிலேயே தண்ணீர் ஓடும். நெட்டுக்குத்தாக அடுக்கிய பால்சாவில் குறுக்கே பரவ நேரம் எடுக்கும், ஆனால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ரெசின் நிரம்பாத சந்து இருந்தால் அதுவே வாய்க்கால்.

கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் பத்துப் பத்து நிமிடம் நனைத்து, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பது ஒரு வழி. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது ஒழுகியது என்றே தெரியாது. இதைவிட நல்லது காற்று முறை. ஹேட்ச், வென்ட் எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்து, மின்சார ப்ளோயர் ஒன்றின் வாயை ஒரு திறப்பில் வைத்து கேபினுக்குள் காற்றை ஏற்ற வேண்டும். வெளியே ஒவ்வொரு ஃபிட்டிங்கைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை முட்டைவிடும். ஒரு மதியப் பொழுதில் வேலை முடிந்துவிடும்.

இப்போது சிலிக்கான். பொறுமையாக எழுத முயல்கிறேன். பழைய படகு கைமாறும்போது கூடவே வருகிற சீதனம் இது. ஒழுகுகிற இடத்தில் ஃபிட்டிங்கைக் கழற்றாமல், ஓரத்தில் ஒரு கோடு சிலிக்கான் இழுத்து விரலால் தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். புண்ணுக்குப் புனுகு தடவுகிற வேலை. ஒரு பருவம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஓரம் லேசாக எழும்பும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். அதாவது ஓட்டையை அடைக்கவில்லை, தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் எபாக்சி பிசினும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது, அடுத்த சீலன்ட்டும் பிடிக்காது. எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போட்டால் மிச்சத்தைச் சுற்றிலும் தேய்த்துப் பரப்பியதுதான் பலன். பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, சிலிக்கான் ரிமூவரை ஊறவிட்டுத் துடைத்து, மறுபடி சுரண்டி, அதன் பிறகுதான் உப்புத்தாள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மேலே தண்ணீர் தெளிக்கவும். ஒரே படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாக உருண்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த எட்டு வருடத்தில் மாற்றிய பொருள்களில் மனம் நிறைந்தது சாம்பல் நிற பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒன்றுதான். எஞ்சின் பாகத்துக்குக் கொடுத்த பணமெல்லாம் மறந்துபோகிறது, இந்த ரோல் மட்டும் நினைவில் நிற்கிறது. அது காய்வதில்லை, வருடக்கணக்கில் பிசைந்த மாவு பதத்திலேயே இருக்கும். ஃபிட்டிங் அசைந்தால் கூடவே இழுபடும். ஆனால் தட்டையான இடத்தில் அப்படியே ஒட்டி இறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. துளையின் மேல்விளிம்பைக் கவுன்டர்சிங்க் பிட்டால் சரிவாகச் செதுக்க வேண்டும். டேப்பைக் கயிறாக உருட்டி போல்ட்டின் கழுத்தில் கூம்பு மாதிரிச் சுற்றினால், இறுக்கும்போது அந்தச் சரிவில் போய் உட்கார்ந்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போல அடைக்கும். மேலே போல்ட்டைத் திருகக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு அடியில் நட்டைத்தான் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் சுற்றி வைத்த பியூட்டில் அறுந்துவிடும். ஒரே மூச்சில் இறுக்கவும் வேண்டாம். பாதி இறுக்கி, மறுநாள் கால் சுற்று, இரண்டு நாள் கழித்து மறுபடி கால் சுற்று. வெயில் நேரத்தில் செய்தால் டேப் இளகிச் சீக்கிரம் உட்காரும்.

பியூட்டிலுக்கு ஆகாத இடங்களும் உண்டு. பெட்ரோல், டீசல் பட்டால் கரையும். எனவே எரிபொருள் ஊற்றும் மூடிக்குப் பாலிசல்ஃபைட் ரகச் சீலன்ட் போட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஃபிட்டிங்குகளுக்கும் பியூட்டில் வேண்டாம். 5200 என்ற பெயரில் வரும் பாலியூரித்தேன் இருக்கிறதே, அது சீலன்ட் வேடத்தில் வந்த பசை. கிளீட்டுக்கு அதைப் போட்டவர்கள் அடுத்த தடவை கழற்றும்போது ஜெல்கோட் என்ற மேற்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துத்தான் எடுப்பார்கள்.

டேப் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது. துளைக்குள் தெரியும் மரத்தை மூட வேண்டும். 6 மி.மீ போல்ட் என்றால் மேல்தோலையும் நடு மரத்தையும் 12 மி.மீ பிட்டால் துளையிட்டு, அடித்தோலைத் தொடாமல் நிறுத்த வேண்டும். பிட்டில் சுற்றி வரும் துகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய, உதிர்கிற தூளாக இருந்தால் பிழைத்தீர்கள். காப்பித் தூள் நிறத்தில், விரலில் நசுக்கினால் ஈரம் கசிந்து புளித்த வாடை அடித்தால் அந்த இடம் அழுகியாயிற்று. காய்ந்த துளையென்றால் அடியில் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்சியை ஊற்றி மரத்தை உறிஞ்சவிட வேண்டும். பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்ப வேண்டும். ஒரே கப்பில் நிறையக் கலந்து வைக்காதீர்கள், சூடேறிப் புகைந்து கப்போடு கல்லாகிவிடும். காய்ந்ததும் மேலே மெழுகுபோல ஒரு படலம் இருந்தால் வெறும் தண்ணீரும் தேய்ப்புப் பேடும் போதும். அதன் பிறகு நடுவே 6 மி.மீ துளை. இனி ஓரம் ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கழற்றிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். தலையும் மரையும் பளபளக்கும், நடுவில் ஈர மரத்தில் புதைந்திருந்த பகுதி மட்டும் எறும்பு அரித்ததுபோலக் குழிகுழியாக இளைத்திருக்கும். காற்றுப் படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் தன் காப்புப் படலத்தை இழந்துவிடும். அந்த போல்ட்டை நம்பித்தான் பாதுகாப்புக் கம்பியில் சாய்ந்து நின்றிருக்கிறோம்.

அழுகல் பெரிய பரப்பில் இருந்தால், துளை போட்டு எபாக்சியை ஊசியில் ஏற்றுகிற வைத்தியத்தை நம்பாதீர்கள். ஈரமான மரத்துக்குள் எபாக்சி போகாது. போகிற வழியில் கெட்டியாகி நடுவே ஈரக் கூழை அடைத்து வைக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற சத்தம் திடீரென்று தொப்பென்று மாறும் இடம் தெரியும். அங்கே பென்சிலால் எல்லை வரைந்து, அதற்குக் கொஞ்சம் வெளியே மேல்தோலை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பிளேடு ஆழத்தைத் தோலின் கனத்துக்கே வைத்துக்கொள்ளவும். உள்ளே உள்ளதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, புதிய மரத்தைக் கெட்டி எபாக்சியில் பதித்து, எடுத்த தோலையே திரும்ப ஒட்டலாம். வெட்டின ஓரத்தை இருபக்கமும் 12க்கு 1 சரிவில் தேய்க்க வேண்டும். தோல் 3 மி.மீ என்றால் 36 மி.மீ அகலச் சரிவு. அதன் மேல் கண்ணாடி நார் துணி, அடுக்கடுக்காக. சரிவு வைக்காமல் நேராகப் பட்டி பார்த்துவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

ஜன்னல்களைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். அலுமினியச் சட்டத்தில் நகரும் ஜன்னல் ஒழுகினால் பாதி சமயம் அது ஒழுகலே இல்லை. கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேற வைத்த சிறிய துளைகள் தூசியாலும் பாசியாலும் அடைத்து, தொட்டி நிரம்பி உள்ளே வழிகிறது. ஒரு மெல்லிய கம்பியும் தண்ணீரும் போதும். மீதிப் பாதிக்குத்தான் சட்டத்தைக் கழற்ற வேண்டும். அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஜன்னலாக மாற்றுகிறவர்கள் கவனிக்கவும்: வெப்பத்தில் அக்ரிலிக் நிறைய நீளும். ஒரு மீட்டர் பலகை 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ வளரும். துளைகளைப் பெரிதாக வைக்காமலும், சீலன்ட்டுக்கு 3 மி.மீ கனம் விடாமலும் ஸ்க்ரூவை இறுக்கினால் முதல் கோடையிலேயே துளையிலிருந்து விரிசல் ஓடும். பாலிசல்ஃபைட் அக்ரிலிக்கைக் கெடுக்கும், எனவே இங்கே அது கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் கூடாது, மயிரிழை விரிசலாகப் பூத்துவிடும்.

கொஞ்சம் மனசு குளிர்கிற விஷயத்துக்கு வருகிறேன். வயரிங். செலவு குறைவு, பலன் கையில் தெரியும். பழைய வயரின் முனையை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். ஒரு சாண் வெட்டி உரித்தாலும் கறுப்பாகவே இருந்தால் ஒட்டுப்போடாமல் முழு வயரையும் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயர், வயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் ராட்செட் கிரிம்ப் கருவி, சூட்டில் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், இவை மூன்றும் இருந்தால் போதும். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது, போக வர வயர் நீளம் 12 மீட்டர் என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ வயரில் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ போட்டால் கால் வோல்ட்தான். முக்கியமான கருவிகளுக்கு இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். 12 வோல்ட்டில் அது 0.36, எனவே இந்த உதாரணத்தில் 4 தான் தேறும். பெட்டியில் எழுதியிருக்கும் பம்ப் அளவையும் அப்படியே நம்ப வேண்டாம், அது தண்ணீரை மேலே தூக்காமல் அளந்தது. தூக்கும் உயரமும் குழாயின் வளைவுகளும் சேர்ந்தால் நிறையக் குறையும். உள்பக்கம் வழவழப்பான ஹோஸ் போடுங்கள், சுருக்கம் வைத்தது வேண்டாம்.

பெட்ரோல் எஞ்சின் அறையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பம்ப் எல்லாம் தீப்பொறி வெளியேறாத மெரைன் ரகமாக இருக்க வேண்டும். கார் ஆல்டர்னேட்டர் அப்படியே பொருந்தும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் ஆவி வெளியேற, ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறை ப்ளோயரை 4 நிமிடம் ஓடவிடுங்கள்.

விளக்குகளைப் பொறுத்தவரை, 10 வாட் ஹாலஜன் ஆறுக்கு 5 ஆம்பியர் போனது, 2 வாட் எல்இடி ஆறுக்கு ஒரே ஆம்பியர். ஆனால் மலிவான எல்இடி, படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுக்கும். ரேடியோவில் இரைச்சலை அடக்கும் திருகான ஸ்குவெல்ச்சை, இரைச்சல் சரியாக அடங்கும் புள்ளியில் வைத்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு குப்பைக்கு.

ஸ்டெர்ன்டிரைவ் பெல்லோஸ் (டிரைவுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் மடிப்பு ரப்பர் உறை) பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அந்த ரப்பரில் விரிசல் விழுந்தால் படகே மூழ்கும், எனவே வருடம் தவறாமல் பாருங்கள், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உறுமல் கேட்டால் டிரைவ் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் போயிருக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோடு, உப்புத் தண்ணீருக்கு ஜிங்க் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். படகின் பின்சுவரான டிரான்சமைத் தட்டிப் பார்த்தீர்களா, டெக்கில் நடந்து பார்த்தீர்களா, எங்கேயாவது கால் லேசாகப் புதைந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. மலிவாக வருகிற படகு ஒவ்வொன்றும் இரண்டு பருவ காலத்து ஞாயிற்றுக்கிழமைகளையும், முழங்கை வரை எபாக்சி அரிப்பையும் சேர்த்தே வருகிறது. எட்டு வருடத்தில் இதை யாருக்கும் மனமாரச் சிபாரிசு செய்யத் தோன்றியதில்லை.

என்னுடையதை விலைக்குக் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள், கொடுப்பதாக இல்லை. இடப்பக்க மூன்றாவது ஜன்னல் இன்னும் ஒழுகுகிறது, அடுத்த வெயிலுக்கு இரண்டு ரோல் பியூட்டில் எடுத்து வைத்திருக்கிறது.