வீட்டு ஃபைபர் ரவுட்டர்: நெட் நன்றாகத்தான் இருக்கிறது, பாஸ்வேர்டுதான் பிரச்சினை

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டில் உள்ளூர் கேபிள்காரர் மூலமாக ஃபைபர் எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. வேகத்தில் குறை இல்லை, வீடியோ கால் தடங்கல் இல்லாமல் போகிறது, மழைக்காலத்தில் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுந்தால் மறுநாளே ஆள் வந்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது ரவுட்டர் என்கிற அந்த வெள்ளைப் பெட்டியின் பாஸ்வேர்டு பற்றி.

இணைப்பு கொடுக்க வருகிற தம்பிகள் அவசரத்தில் வருகிறார்கள், ஒரே நாளில் நாலைந்து வீடு முடிக்க வேண்டும். அதனால் வைஃபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் மொபைல் எண்ணையோ 12345678-ஐயோ போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெறும் எண்களால் ஆன எட்டு இலக்கம் என்றால் மொத்தமே 10 கோடி வாய்ப்புகள். உங்கள் போன் வைஃபையில் சேரும்போது காற்றில் போகும் ஹேண்ட்ஷேக்கை (போனும் ரவுட்டரும் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பரிமாற்றத்தை) ரோட்டில் நின்றே ஒருவன் பிடித்துக்கொண்டு போகலாம், அப்புறம் அவன் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே வராது. பல வீட்டு வைஃபைகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குச் சில லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும், ஆக 10 கோடி என்பது சில நிமிட வேலை. மொபைல் எண் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும் என்பதால் அதுவும் 400 கோடிக்குள் அடங்கிவிடுகிறது, ஒரு நாள்கூட ஆகாது. அந்த எண் கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகி இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

வைஃபை பாஸ்வேர்டாவது பலருக்குத் தெரியும். அட்மின் பாஸ்வேர்டு என்று இன்னொன்று இருப்பது பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் (சில பெட்டிகளில் முகவரி வேறாக இருக்கும், அடியில் ஸ்டிக்கரில் பாருங்கள்) ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். எங்கள் பெட்டியில் admin என்பதே பெயர், அதுவே பாஸ்வேர்டும். உள்ளே போன ஒருவன் டிஎன்எஸ் முகவரியை (நாம் அடிக்கும் வெப்சைட் பெயர் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தை) மாற்றி வைத்தால், நீங்கள் பேங்க் முகவரியைச் சரியாக அடித்தாலும் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். பிரவுசர் சிவப்பில் எச்சரிக்கை காட்டும், ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டா அழுத்துகிறார்கள்?

இது கற்பனைப் பயம் இல்லை. 2016-ல் வந்த மிராய் என்ற மால்வேர் (கெடுதல் செய்யவே எழுதிய புரோகிராம்) பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை, கம்பெனிகள் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டித் தட்டிப் பார்த்தது. அப்படிச் சேர்ந்த படையைக் கொண்டு அந்த வருடம் அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. நம் நாட்டில் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. வந்தபடியே பாஸ்வேர்டை விட்டு வைத்திருந்த மோடம்கள்தான் மாட்டின, மாற்றச் சொல்லி பிஎஸ்என்எல்லே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதற்குச் சட்டப்படி தடை. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் கட்டாயம் வர வேண்டும் என்பது என் கருத்து.

நம் மாவட்டத்தில் இது கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். பிள்ளைகள் வளைகுடாவில், அப்பா அம்மா மட்டும் இங்கே வீட்டில், முற்றத்திலும் ஹாலிலும் கேமரா என்று இருக்கிற வீடுகள் எத்தனை! அந்தக் கேமராவும் இதே ரவுட்டரில்தான் தொங்குகிறது. ரவுட்டர் அடுத்தவன் கைக்குப் போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறார்கள் என்பது வரை அவனுக்குத் தெரிந்துவிடும்.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் எனக்குத் தெரிய வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். பாஸ்வேர்டை ஒரு தடவை மாற்றினால் போதாது. ஐப்பசியில் இடி மின்னல் வந்தால் அடாப்டர் போகும், சில சமயம் பெட்டியே போகும். ஃபைபரில் மின்சாரம் வராது, கரண்ட் லைன் வழியாகத்தான் வந்து அடிக்கிறது. ஆள் வந்து வேறு பெட்டி வைப்பார், அல்லது பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் பின் குத்தி ரீசெட் செய்வார். அவ்வளவுதான், நாம் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆனால் நெட் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. போன மழையில் வந்த தம்பியிடம் கேட்டேன், “எல்லா வீட்டுக்கும் இதே பாஸ்வேர்டுதான் அண்ணே, இல்லைன்னா எங்களுக்கு நினைவு நிக்காது” என்றார். அவர் சிரமம் புரிகிறது, அதற்கு வழி கம்பெனிதான் செய்து கொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வைஃபைக்கு வைத்திருக்கிறோம், அம்மாவுக்கும் மறப்பதில்லை. அட்மினுக்கு வேறொன்று, அது பீரோவுக்குள் நோட்டில் எழுதியிருக்கிறது (எழுதி வைப்பது தப்பில்லை, ரோட்டில் நிற்பவன் பீரோவைத் திறக்கப்போவதில்லை). பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ பின் நம்பராலோ வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட்டேன். அதன் எட்டு இலக்க பின் நம்பரை இரண்டு பாதியாகச் சோதிப்பதால் 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளியாகிவிட்டது, இன்னமும் பல பெட்டிகளில் அது ஆன் ஆகித்தான் வருகிறது. வெளியிலிருந்து அட்மின் பக்கம் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்டையும் மூடியாயிற்று. விருந்தாளிகளுக்கும் கேமராவுக்கும் தனித்தனி கெஸ்ட் நெட்வொர்க் (வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து வைக்கும் இன்னொரு வைஃபை) வைக்க ஆசை, இந்தப் பெட்டியில் ஒன்றுதான் வைக்க முடிகிறது, அதைக் கேமராவுக்கே கொடுத்துவிட்டேன்.

இணைப்பை மாற்றும் எண்ணம் இல்லை, ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று குறைந்தது முழுக்க பாஸ்வேர்டுக்காக. புதிதாக எடுப்பவர்கள் ஆள் கிளம்புவதற்கு முன் அட்மின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள், ஐந்து நிமிட வேலைதான். பெட்டி மாற்றும்போதும் அதே போலக் கேளுங்கள்.