எக்ஸ்ரே சொல்லாத மணிக்கட்டு வலி: ஊரில் பார்த்த மருத்துவம்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது படியில் சறுக்கி, விரித்த உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். முதலில் போன மருத்துவமனையில் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரேயும் உடனே எடுத்தார்கள். ஆனால் மருத்துவர் என் கையைத் தொடவே இல்லை. படத்தை மட்டும் பார்த்து, "முறிவு இல்லை, சுளுக்குதான்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்த பிறகும் மூடியைத் திருகினால் உயிர் போகிற வலி.

அக்காவின் வற்புறுத்தலால் கை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். படத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் பக்கத்து ஸ்கேஃபாய்ட் எலும்பை அழுத்திக்கொண்டே மணிக்கட்டைச் சாய்த்தார். 'டக்'கென்று எலும்பு நழுவியது, வலி சுரீரென்றது. அந்த எலும்பையும் பக்கத்திலுள்ள லூனேட் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் ஜவ்வில்தான் அவருக்குச் சந்தேகம். சாதாரண எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. கையை இறுக மூடச் சொல்லி எடுத்தால் எலும்புகள் விலகுவது தெரியலாம். இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் ஜவ்வு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அவ்வளவு விலகவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பாதிக் கிழிசல் என்று வந்தது.

அடுத்து அவர் பேசிய விதத்துக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். முழுதாக அறுந்திருந்தால் சில வாரங்களுக்குள் தைப்பதே நல்லது, நாள் கடந்தால் ஜவ்வு சுருங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானம் வரும் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கோ கட்டும் பயிற்சியும் போதும் என்றார். ஊருக்கு வந்த கையோடு அறுவைச் சிகிச்சையை முடித்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது: தைத்த பிறகு எலும்பில் செருகிய கம்பியை எடுக்க வேண்டும், வாரக்கணக்கில் கையை அசைக்காமல் வைக்க வேண்டும், பிறகு பயிற்சி. அதையெல்லாம் யார் கவனிப்பார்கள் என்று முடிவு செய்யாமல் மேசையில் படுக்கக் கூடாது.

இயன்முறை மருத்துவரும் அவசரப்படவில்லை. வலிக்கிற கோணத்துக்கு வளைக்காமல், பலகையில் சிறு அம்பைக் கையால் எறிவதுபோல் மணிக்கட்டைச் சாய்வாக அசைக்கும் பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

கிளம்பும் முன் அறிக்கையோடு நின்றுவிடாமல் ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி.யையும், பரிசோதனையில் கண்டதை எழுதிய கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து திரும்பியதும் இங்கே என் மருத்துவர் அந்தப் படங்களையே திறந்து பார்த்து, மறுபடி ஸ்கேன் எடுக்காமல் சிகிச்சையைத் தொடர்ந்தார்.