ஸ்கிரைபஸ் 1.6: மும்மொழிப் பக்கம் பழகுவதற்கு எப்படி?

கொழும்பில் பக்க வடிவமைப்புப் படிப்பவருக்குக் கைக்கு வரும் முதல் வேலை பெரும்பாலும் மும்மொழி வேலைதான். ஒரு துண்டுப்பிரசுரமோ சிறு கைநூலோ, சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் சமமாக நிற்க வேண்டும். அந்த வேலையைப் பழக, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாதாமாதம் காசு கட்டத்தான் வேண்டுமா? முதல் வருடத்துக்கு வேண்டாம் என்பதே எங்கள் மதிப்பீடு. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளே போதும். ஆனால் 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்போ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இன்னும் கிடக்கும் 1.4 பதிப்பு தமிழுக்கு உதவாது.

காரணத்தை ஒரு சொல்லில் காணலாம். உரைச் சட்டம் ஒன்றை வரைந்து ‘கொழும்பு’ என்று தட்டச்சிடுங்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) ஒகரக் குறி ஒரே குறியீடு. பக்கத்தில் அது இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் அரவு பின்னும் நிற்க வேண்டும். ழுவிலும் புவிலும் உகரம் எழுத்தோடு சேர்ந்து புது வடிவம் எடுக்க வேண்டும். மகரத்தின் குற்று நடு உச்சியில் இருக்க வேண்டும். 1.4இல் கொம்பு தன் இடத்துக்குப் போகாது, உகரமும் ஒட்டாமல் தனியே விழும். 1.6 ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துச்சேர்க்கை நூலகத்தைப் பயன்படுத்துவதால் நான்கு எழுத்தும் சரியாக வருகின்றன. எந்த மென்பொருளை வாங்கும் முன்னும் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இன்டிசைனிலும் ஆங்கில நிறுவலில், வரிகளை அடுக்கும் பத்தி அமைப்பியை ‘வேர்ள்ட்-ரெடி’க்கு மாற்றாவிட்டால் இதே சொல் உடையும்.

எழுத்துருக்களை இறக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. நோட்டோ செரிஃப் தமிழை கூகுள் ஃபொன்ட்ஸில் இறக்கினால், பொதியின் முகப்பில் இருப்பது தடிப்பை வேண்டியபடி மாற்றக்கூடிய ‘வேரியபிள்’ கோப்பு. அதை நிறுவினால் ஸ்கிரைபஸில் தடித்த எழுத்தைத் தேடித் தேடிக் களைப்பீர்கள். உள்ளே ‘ஸ்டாட்டிக்’ என்று ஓர் உறை இருக்கும். அதிலுள்ள ரெகுலர், போல்ட் கோப்புகளை மட்டும் நிறுவி, ஸ்கிரைபஸை மூடித் திறங்கள். நோட்டோ செரிஃப் சிங்களத்துக்கும் அப்படியே.

பயிற்சிக்கு ஏ5 அளவில் 8 பக்கக் கைநூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மென்பொருள் எதையும் உங்களுக்காகத் தீர்மானிக்காது, ஒவ்வோர் எண்ணையும் நீங்களே கொடுக்க வேண்டும். படிப்பவருக்கு இதைவிட நல்லது எது? தமிழில் விசிறி மேலே ஏறும், உகரம் கீழே இறங்கும். சிங்களத்தில் எழுத்தின் மேல் வரும் இஸ்பில்லவும் கீழ் வரும் பாபில்லவும் இன்னும் தாராளமாக இடம் கேட்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய 10க்கு 12 பொயின்ட் (எழுத்து 10, வரிக்கு வரி 12) என்ற கணக்கு இங்கே மூச்சுமுட்டும். 10க்கு 15 வையுங்கள். 15 பொயின்ட் வீதம் 32 வரி என்றால் 480 பொயின்ட், அதாவது 169.3 மி.மீ. மேல் ஓரம் 18 மி.மீ., கீழ் ஓரம் 22.7 மி.மீ. என்று கொடுத்தால் 210 மி.மீ. உயரத்தில் எல்லாம் சரியாக அடங்கும். வரிகள் உட்காரும் அடிக்கோட்டு வலையை 15 பொயின்ட் இடைவெளியிலும் 51 பொயின்ட் தொடக்கத்திலும் வைத்து, மூன்று மொழிப் பத்திப் பாணிகளிலும் ‘வலையோடு சேர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதன்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் மூன்று மொழிகளின் வரிகளும் ஒரே மட்டத்தில் ஓடும்.

எழுத்தின் அளவை எண்ணால் சமப்படுத்த முயல வேண்டாம். ஒரே 10 பொயின்ட்டில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலச் சிற்றெழுத்து சிறிதாகவும் தெரியும். ஆங்கிலத்தை 10.5 அல்லது 11 என மாற்றி, வெள்ளவத்தையிலோ மருதானையிலோ ஒரு கொமியூனிகேஷனில் முழு அளவில் அச்செடுத்து, கைதூரத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து எடுத்த முடிவு கடதாசியில் நிற்பதில்லை.

இருபுறமும் சமன்செய்த பத்திதான் தமிழுக்குப் பெரிய சிக்கல். சொற்கள் நீளம். ஏ5 பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரித்தால் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்லே அடங்கும், மிஞ்சிய வெளி சொற்களுக்கு நடுவே ஓட்டையாகத் திறக்கும். ஒற்றை நிரலாக, 116 மி.மீ. அகலத்தில் வையுங்கள். அல்லது இடப்புறம் மட்டும் நேராக விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமன்செய்தே ஆகவேண்டுமென்றால், பத்திப் பாணியின் மேலதிக அமைப்பில் எழுத்து அகலத்தை 98 முதல் 102 வீதம் வரை அனுமதியுங்கள். அதற்கு மேல் போனால் கண் கண்டுபிடிக்கும். மிக நீண்ட சொற்களில், வரி முடிவில் சொல் உடைந்தால் மட்டும் தெரியும் மென் இணைப்புக்குறியைக் கையால் இடலாம், ஆனால் உயிர்மெய்யை அதன் குறியிலிருந்து ஒருபோதும் பிரிக்காதீர்கள். தலைப்பில் எழுத்திடைவெளியையும் கூட்டாதீர்கள். கொம்பும் அரவும் யாருக்கும் சொந்தமில்லாதவைபோல் நிற்கும்.

கலப்பு வரிகளில் ஸ்கிரைபஸ் கண்டிப்பானது. தமிழ் எழுத்துருவில் சிங்களச் சொல் ஒன்று வந்தால் அது வேறு எழுத்துருவைத் தானாகத் தேடாது, பெட்டி காட்டும். மொழிக்கொன்றாக எழுத்துப் பாணி செய்து, அந்தச் சொல்லுக்குப் பொருத்துங்கள். சிங்களத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைச் சேர்த்துவைப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி. பிரதியை எங்காவது சுத்தம் செய்யும்போது அது அழிந்தால் எழுத்து இரண்டாகப் பிரியும். அதைச் சிங்களம் வாசிப்பவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

பிரதி பெரும்பாலும் ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் வரும். பாமினியில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். தமிழாய்த் தெரிவது எழுத்துருவின் உருவம் மட்டும். அதனால் நோட்டோவுக்கு மாற்றியதும் குப்பையாகும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறியாக்க வேண்டும். அப்போது பிரதியிலுள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து தமிழெழுத்துக் கலவையாக மாறிவிடும். அவற்றை முதலில் தனிக் கோப்பில் எடுத்துவைத்து, மாற்றியபின் திரும்ப இடுங்கள். எஃப்எம் குடும்ப எழுத்துருவில் வரும் சிங்களப் பிரதிக்கும் இதே கதிதான்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. அட்டவணை வசதி பலவீனம். நேர அட்டவணை, விலைப்பட்டியல் போன்றவை நிறைந்த வேலைக்கு இது ஏற்றதல்ல. இன்டிசைனின் பரிமாற்றக் கோப்பான ஐடிஎம்எல்லைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் திருப்பிக் கொடுக்காது. ஆகவே இன்டிசைனில் வேலை செய்யும் குழுவில் சேர்பவர் அதையும் கற்றாக வேண்டும். 1.6இல் சேமித்த கோப்பை 1.4 திறக்காது, குழுவாகச் செய்பவர்கள் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரைபஸ் மிளிர்வது கடைசிக் கட்டத்தில். ஏற்றுமதிக்கு முன் அது செய்யும் சோதனை, சட்டத்தில் அடங்காமல் மறைந்த உரை, எழுத்துருவில் இல்லாத எழுத்து, தெளிவு குறைந்த படம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டும். ‘எழுத்து இல்லை’ என்ற எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். உரைக்கு ‘பிளாக்’ நிறம் மட்டும், ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்பதைத் தொடவே கூடாது. அது நான்கு நிற அச்சுத் தட்டிலும் விழுந்து, சிறு எழுத்தின் விளிம்பை மங்கச் செய்யும். பிறகு அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, 3 மி.மீ. வெட்டுமிகை (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி), தனித்தனிப் பக்கங்கள் என்று ஏற்றுமதி செய்யுங்கள். 8 பக்கத்தைத் தாளில் அடுக்குவது அச்சகத்தின் வேலை. ஆனால் மாதிரி மடிக்க வரிசை தெரிந்திருக்க வேண்டும்: வெளித் தாளின் ஒருபுறம் 8உம் 1உம், மறுபுறம் 2உம் 7உம், உள் தாளில் 6உம் 3உம், மறுபுறம் 4உம் 5உம். இரண்டு ஏ4 தாளில் இப்படி எடுத்து மடித்து, நடுவில் ஊசி அடித்து, அந்த மாதிரியையும் கோப்போடு அச்சகத்தில் கொடுங்கள்.