ஃபேன் மெம்பர்ஷிப் பாக்ஸ்: ஜெர்ஸிக்கு மூணு ஸ்டார், ஆப்புக்கு ஒண்ணு

டீம் பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா துணி எப்படி இருக்குன்னு ஒருத்தரும் படிக்க மாட்டீங்க, நான் எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துட்டு ஒண்ணு தலைல தூக்கி வெச்சு ஆடுவீங்க இல்லனா வறுத்து எடுப்பீங்க. ஃபுட்பால் க்ளப், உலகம் பூரா ரசிகர் இருக்கற பெரிய க்ளப், அவ்வளவு தெரிஞ்சா போதும். நான் வாங்குனது அவங்களோட வருஷ மெம்பர்ஷிப், அதுலயும் இருக்கறதுலயே மேல் ரகம். ஒரு பெட்டி வரும், அதுக்குள்ள ஹோம் ஜெர்ஸி, ஸ்கார்ஃப், பின், மெம்பர் கார்டு, ஒரு வரவேற்புக் கடிதம், அப்பறம் கண்ணாடி மாதிரி தெரியற ஒரு ப்ளாஸ்டிக் கட்டிக்குள்ள கோல் வலைல இருந்து வெட்டின ஒரு துண்டு. கூடவே ஆப்ல ப்ரீமியம் அக்கௌண்ட். நான் எதிரி டீம்ல இருந்து வந்து குறை சொல்ற ஆள் இல்ல, ரொம்ப வருஷமா தூக்கத்த கெடுத்துட்டு இவங்க மேட்ச் பாக்கறவன் தான்.

முதல்ல ஜெர்ஸி. இதுல ரெண்டு வகை உண்டு. ப்ளேயர் வெர்ஷன்னு ஒண்ணு, மைதானத்துல அவங்க போடற அதே கட்டிங், உடம்ப ஒட்டி இருக்கும், துணி மெல்லிசா ஓட்டை ஓட்டையா இருக்கும், பேட்ஜ தைக்காம சூடு வெச்சு ஒட்டியிருப்பாங்க. ஃபேன் வெர்ஷன்னு இன்னொண்ணு, கொஞ்சம் தொளதொளன்னு, பேட்ஜ் நூல்ல தெச்சிருக்கும். பாக்ஸ்ல வர்றது ப்ளேயர் வெர்ஷன். விலை அதிகம் அதனால உசத்தின்னு நெனைக்காதீங்க, அது தொண்ணூறு நிமிஷம் ஓடி வேர்த்து ஊத்தற ஒரு அத்லெட்டுக்காக செஞ்சது, சோஃபால சாஞ்சு வேர்க்கடலை கொறிக்கற நமக்கு வயித்துப் பக்கம் உண்மைய அப்படியே காட்டிக் குடுத்துடும், ஒரு சைஸ் கூட எடுங்க. துணி முழுக்க பாலியெஸ்டர், சீக்கிரம் காயும் ஆனா வேர்வை வாடைய விடாது. சில தடவை துவைச்சதுமே ஒட்டின பேட்ஜோட ஓரம் லேசா தூக்க ஆரம்பிச்சுடுச்சு, இத்தனைக்கும் உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டு பச்சத் தண்ணில தான் துவைச்சேன், ட்ரையர் பக்கமே போகல. முதுகுல பேர் நம்பர் எல்லாம் நல்லா இருக்கு, வெடிக்கல. தையல் சுத்தம். கலர் போகல. ஆக ஒரு ஸ்போர்ட்ஸ் சட்டையா பாத்தா மூணு ஸ்டார், பேட்ஜ் மட்டும் ஒழுங்கா இருந்தா நாலு குடுத்திருப்பேன்.

ஆனா இத நீங்க அந்த ஸ்டோர் பக்கத்துல இருக்கற ரிவ்யூல தேடுனா கிடைக்காது. அங்க ஒருத்தராவது பேட்ஜ் ஓரம் தூக்குதுன்னு எழுதியிருக்காங்களான்னு உக்காந்து ஸ்க்ரோல் பண்ணேன். டீம் ஜெயிச்ச வாரம்னா வரிசையா அஞ்சு ஸ்டார், "உயிரே", "ரத்தத்துல கலந்தது", ஒரே இதய எமோஜி. தோத்த வாரம் அதே சட்டைக்கு ஒரு ஸ்டார், கோச்ச தூக்குங்கன்னு. துணி அதே துணி தானேய்யா. நடுவுல யாரோ ஒரு புண்ணியவான் சைஸ் சின்னதா இருக்குன்னு எழுதினதுக்கு, பிடிக்கலன்னா வேற டீமுக்குப் போன்னு அதுக்குக் கீழயே பதில்.

இது நம்ம காலத்துல ஆரம்பிச்ச வியாதி இல்ல. ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் ஆளும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல சில யுனிவர்சிட்டிகள்ல பாத்து 1976ல வெளியிட்டாங்க, வாரக்கடைசில காலேஜ் டீம் ஜெயிச்சிருந்தா திங்கக்கிழமை க்ளாஸுக்கு காலேஜ் பேர் போட்ட சட்டையோட வர்ற பசங்க எண்ணிக்கை கூடுது, ஜெயிக்கலன்னா குறையுது. அந்தப் பசங்கள்ல ஒருத்தனும் மைதானத்துல கால் வெக்கல, பந்தத் தொடல, ஆனா வெற்றில பங்கு வேணும். இதுல பெரிய தப்பு எதுவும் இருக்கறதா எனக்குத் தோணல, ஊர்ல ஒருத்தன் ஜெயிச்சா எல்லாரும் நெஞ்ச நிமித்தறது எப்பவும் நடக்கறது தான். நான் கேக்கறது வேற. ரசிக்கற பொருளுக்கு மார்க் போடலாம். கும்பிடற பொருளுக்கு எவன் மார்க் போடுவான்? சட்டைக்கு மூணு ஸ்டார் குடுக்கக் கை வரலன்னா அங்க ரசனை முடிஞ்சு போச்சு, வேற என்னமோ ஆரம்பிச்சுடுச்சு, அது க்ளப்புக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் ஒரு சீசனுக்கு ஹோம், அவே, தேர்டுன்னு மூணு கிட் விடறான், அடுத்த சீசன் காலர்ல ஒரு கோட்ட மாத்திட்டு மறுபடியும் மூணு. கஸ்டமரா இருந்தா போன வருஷ சட்டை இன்னும் நல்லா தானே இருக்குன்னு கேப்போம். பக்தன் கேக்க மாட்டான்.

ஸ்கார்ஃப், பின், கார்டு பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு, பின்னோட கொக்கி கொஞ்சம் லூசு. வரவேற்புக் கடிதத்துல கேப்டன் கையெழுத்து இருக்கு, அச்சடிச்சது, அந்தக் கேப்டன் பெட்டி வந்து சேர்றதுக்குள்ள வேற க்ளப்புக்கு கிளம்பிட்டார். கடிதத்துல "நீ எங்க குடும்பம்"னு இருக்கு. அவரும் குடும்பம்னு தான் சொல்லிட்டு இருந்தார் பாவம்.

அதனால முதுகுல ப்ளேயர் பேர் போடற ஆப்ஷன் வந்தா நல்லா யோசிச்சுட்டுப் போடுங்க, பேர் போட்ட சட்டைய பெரும்பாலும் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. ஆள் போயிட்டா அத வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம எரிக்கறவங்களும் உண்டு. 2010ல அமெரிக்க பாஸ்கெட்பால் ப்ளேயர் லெப்ரான் ஜேம்ஸ் க்ளீவ்லேண்ட் டீம விட்டு மயாமி போறேன்னு டிவில சொன்ன அன்னிக்கு ராத்திரியே அவர் ஜெர்ஸிய ரோட்ல போட்டு கொளுத்துனாங்க. மனுஷன் 2014ல திரும்பி வந்தார், 2016ல அதே ஊருக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தார். கொளுத்துனவங்கள்ல எத்தனை பேர் மறுபடியும் காசு குடுத்து அதே சட்டைய வாங்குனாங்களோ, கடைக்காரனுக்குத் தான் தெரியும். ஒருத்தர் வேலைய மாத்திக்கிட்டார், நடந்தது அவ்வளவு தான். அதுக்கு துரோகின்னு பேர் வைக்கணும்னா முன்னாடி அவர எங்கயோ ஒசரத்துல கொண்டு போய் உக்கார வெச்சிருக்கணும்.

சரி, அந்த வலைத் துண்டுக்கு வருவோம், பெட்டில எல்லாரும் ஃபோட்டோ எடுத்துப் போடறது இதைத் தான். வெள்ளை நைலான் முடிச்சு ஒண்ணு, நகத்த விட கொஞ்சம் பெருசு, கூட ஒரு சர்டிஃபிகேட், இன்ன மேட்ச்ல இன்ன கோல் போஸ்ட்ல கட்டியிருந்ததுன்னு. உண்மையான்னு செக் பண்ண வழியே இல்ல, சர்டிஃபிகேட்ட அச்சடிச்சவனும் அவனே, வித்தவனும் அவனே. ஆனா கைல எடுத்துப் பாக்கும்போது லேசா ஒரு சிலிர்ப்பு வருதுங்கறத மறைக்க மாட்டேன், அது தான் இதோட ப்ராடக்ட்டே, நைலான் இல்ல. ஜனங்க இத காசில்லாமலே எடுத்துட்டுப் போன காலமும் இருந்துச்சு: 1977 ஜூன்ல வெம்ப்ளில ஸ்காட்லாந்து இங்கிலாந்த 2-1ன்னு ஜெயிச்சதும் ஸ்காட்லாந்து ரசிகர்கள் உள்ள இறங்கி கோல் போஸ்ட்ட உடைச்சு, புல்தரைய பேத்து பேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

இன்னும் பின்னாடி போனா இதுக்கெல்லாம் தாத்தா ஒருத்தர் இருக்கார். கிரேக்கத்துல தாசோஸ் தீவுக்காரர் தியாஜெனஸ், கி.மு. 480ல ஒலிம்பியால குத்துச்சண்டை ஜெயிச்சவர். அவர் செத்தப்பறம் அவரப் பிடிக்காத ஒருத்தன் ராத்திரி ராத்திரி வந்து அவர் சிலைய சாட்டையால அடிச்சானாம், ஒரு நாள் சிலை அவன் மேலயே விழுந்து அவன் செத்துப் போனான், செத்தவனோட பசங்க சிலை மேல கொலை வழக்கு போட்டாங்க, ஊர்க்காரங்க அத கடல்ல தள்ளிட்டாங்க. அப்பறம் ஊர்ல விளைச்சலே இல்ல, டெல்ஃபி கோயில்ல குறி கேட்டாங்க, கடைசில மீனவங்க வலைல சிலை மாட்டி திரும்ப வந்துச்சு, அதுல இருந்து தெய்வத்துக்குப் பண்ற மாதிரியே பலி குடுத்து கும்பிட ஆரம்பிச்சாங்கன்னு பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியாஸ் எழுதி வெச்சிருக்கார். தாசோஸ்ல தோண்டினப்ப அவருக்குக் காணிக்கை போடற கல் உண்டியலே கிடைச்சிருக்கு. மெம்பர்ஷிப் ஃபீ அப்பவே இருந்திருக்கு பாருங்க.

அர்ஜென்டினால ரொசாரியோல 1998ல மாரடோனாவுக்கு ஒரு சர்ச்சே ஆரம்பிச்சாங்க, அவர் பொறந்த 1960ல இருந்து வருஷம் எண்ணுவாங்க, அக்டோபர் கடைசில அவர் பொறந்த நாள் தான் அவங்களுக்கு கிறிஸ்துமஸ், பத்துக் கட்டளை இருக்கு, அவர் கையால போட்ட பிரபல கோல் மாதிரியே கைல பந்தத் தட்டி கோல் போட்டா ஞானஸ்நானம். நிறைய பேர் இத தான் உச்சக்கட்ட பைத்தியம்னு சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. அவங்க சிரிச்சுட்டே பண்றாங்க, இது விளையாட்டுன்னு அவங்களுக்குத் தெரியும். ஜெர்மனில ஷால்க க்ளப் ரசிகர்களுக்கு கெல்சன்கிர்ஷென்ல தனி கல்லறைத் தோட்டமே 2012ல தொறந்தாங்க, க்ளப் ஆரம்பிச்ச வருஷம் 1904ங்கறதால 1,904 இடம். அதுவும் ஒரு பாசம், யாருக்கும் கெடுதல் இல்ல.

சிரிப்பு காணாமப் போற இடம் தான் பயம். கி.பி. 532ல கான்ஸ்டான்டினோபிள்ல (இன்னிக்கு இஸ்தான்புல்) தேரோட்டப் பந்தயத்துல நீலம், பச்சைன்னு ரெண்டு கோஷ்டி, தினமும் ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டவங்க, அந்தத் தடவை ஒண்ணு சேந்து அரசாங்கத்து மேல பாஞ்சாங்க. பாதி நகரம் எரிஞ்சுது, பேரரசர் ஜஸ்டினியன் படை பந்தய மைதானத்துக்குள்ளயே முப்பதாயிரம் பேருக்கு மேல கொன்னுதுன்னு அந்தக் காலத்து வரலாற்று எழுத்தாளர் ப்ரொகோப்பியஸ் எழுதறார். அதுல வரிப் பிரச்சனை, அரசியல் எல்லாம் கலந்து தான் இருந்துச்சு, ஆனா ஆள் திரட்டினது கலர். 1994 ஃபுட்பால் உலகக் கோப்பைல கொலம்பியா ப்ளேயர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் ஜூன் 22 அன்னிக்கு தெரியாம சொந்த கோல்ல பந்தத் தள்ளிட்டார், ஜூலை 2 அன்னிக்கு மெடஜின்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. இருபத்தேழு வயசு.

இப்ப ஆப். மெம்பர்ஷிப்ல எனக்குப் பிடிக்காத பாகம் இது தான், ஒரு ஸ்டார் கூட லாக்இன் ஒழுங்கா ஆகுதேன்னு குடுக்கறது. காலைல எழுந்ததும் ஒரு நோட்டிஃபிகேஷன், இன்னிக்கு உன் விசுவாசத்த காட்டலயேன்னு. நிஜமாவே அந்த வார்த்தை தான், விசுவாசம். தினம் ஆப்ப தொறந்தா பாயிண்ட், தொடர்ந்து தொறந்தா டபுள் பாயிண்ட், ஒரு நாள் விட்டா எல்லாம் ஜீரோ. பாயிண்ட வெச்சு பெருசா எதுவும் வாங்க முடியாது, ப்ரொஃபைல் படத்தச் சுத்தி ஒரு தங்க வளையம் வரும். டிக்கெட் விஷயமும் தெரிஞ்சுக்கங்க, மெம்பர்னா டிக்கெட் கிடைக்கும்னு விளம்பரம் பாத்தா தோணும், கிடைக்கறது டிக்கெட் வாங்க க்யூல நிக்கற உரிமை மட்டும், நமக்கு முன்னாடி சீசன் டிக்கெட்காரங்க இருக்காங்க, க்யூலயும் மெம்பருங்க மட்டுமே அத்தனை பேர்.

ஓட்டு போடற வசதின்னு ஒண்ணு, கேட்டா க்ளப்ப நடத்தறதே ரசிகர்கள் தான்னு சொல்லுவாங்க. என்னத்துக்கு ஓட்டு? பஸ்ல என்ன டிசைன் போடலாம், கோல் அடிச்சா எந்தப் பாட்டு. இது இவங்க மட்டும் இல்ல, 2020ல இத்தாலி க்ளப் யுவென்டஸோட ஃபேன் டோக்கன் (ரசிகர்கள் காசு குடுத்து வாங்கற டிஜிட்டல் டோக்கன்) வெச்சிருந்தவங்களும் கோலுக்கு எந்தப் பாட்டுன்னு தான் ஓட்டுப் போட்டாங்க. டிக்கெட் விலை, ஸ்பான்சர் யாரு, க்ளப்ப யாருக்கு விக்கறது, ஒரு ப்ளேயர் மேல சீரியஸான புகார் வந்தா என்ன பண்றது, இதுக்கெல்லாம் ஓட்டெடுப்பு வராது. வந்தாலும் என்ன ஆகியிருக்குமோ, ஆப்ல இருக்கற சாட்ல ஒருத்தர் க்ளப்போட கடன் பத்தி ஒழுங்கா கணக்கோட கேட்டார், உடனே அம்பது பேர் சேந்து அவர போலி ரசிகன்னு முத்திரை குத்திட்டாங்க. ஓனருக்கு இத விட சுகமான கஸ்டமர் எங்க கிடைப்பான் சொல்லுங்க.

யாருக்கு இது சரிப்படும்னா, வலைத் துண்டுக்கும் பெட்டிக்கும் ஆசைப்படறவங்க, பரிசா குடுக்க நெனைக்கறவங்க ஒரு தடவை வாங்கலாம், பேக்கிங் உண்மையிலயே அழகு. சட்டை மட்டும் வேணும்னா பாக்ஸ விட்டுடுங்க, ஃபேன் வெர்ஷன தனியா எடுங்க, தெச்ச பேட்ஜ் ரொம்ப நாள் வரும், அதுவும் சீசன் முடியற நேரத்துல எடுத்தா பாதிக்குப் பாதி குறைச்சு தள்ளுவாங்க. ஆட்டோ ரினீவல் டீஃபால்ட்டா ஆன்ல தான் இருக்கும், அத ஆஃப் பண்ற பட்டன் அக்கௌண்ட் செட்டிங்ஸ்ல இல்ல, பேமெண்ட் ஹிஸ்டரிக்குள்ள போய் கடைசி வரைக்கும் கீழ இறங்கணும். அழுத்துனதும் "குடும்பத்த விட்டுப் போறியா?"ன்னு கேக்கும், ஆமான்னு ரெண்டு தடவை அழுத்தணும், அப்பறம் கன்ஃபர்மேஷன் மெயில் வருதான்னு பாத்துக்கங்க, எனக்கு ஸ்பாம்ல போய் உக்காந்திருந்துச்சு.