தட்டுவதா, பந்தை இழுப்பதா, எழுந்து நடப்பதா? அறுவைக்குப் பிந்தைய மூச்சுப் பயிற்சிகள்

வயிற்றின் மேற்பகுதியில் பெரிய அறுவை செய்துகொண்டவர் மறுநாள் காலை அரைகுறையாக மூச்சு விடுவதைப் பார்த்ததும், பிசியோதெரபிஸ்ட் வந்து முதுகில் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்புகிறார்கள். என் மாமனாருக்குப் பித்தப்பையைத் திறந்து அறுவை செய்தபோது நானும் அப்படித்தான் நம்பி, யாரும் வந்து தட்டவில்லையே என்று இரண்டு நாள் மனம் புழுங்கினேன். கையால் தட்டுவது, மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் எழும்பும் சிறு பந்துக் கருவியை இழுப்பது, ஆழ்ந்து மூச்செடுத்து இருமுவது, எழுந்து நடப்பது ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று போதும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆனால் அவை தீர்க்க வந்த சிக்கல் ஒன்றல்ல.

முழு மயக்கம் கொடுத்தவுடனேயே நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள நுண்ணிய காற்றறைகள் சில சுருங்கி மூடிக்கொள்கின்றன. மயக்கம் தெளிந்த பிறகும், விலா எலும்புக்குக் கீழே போட்ட தையல் வலிப்பதாலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் சரியாக இறங்காததாலும் நோயாளி மேல்மூச்சோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் அறியாமலே அவ்வப்போது விடும் பெருமூச்சுகூட அவருக்கு வருவதில்லை. மூடிய அறைகள் மூடியபடியே கிடக்க, இரும அஞ்சுவதால் சளியும் தேங்குகிறது. ஆக, அறை மூடிக்கொள்வது, சளி தேங்குவது என்று சிக்கல் இரண்டு.

தட்டும் சிகிச்சை இவற்றுள் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. தண்ணீர் அள்ளுவதுபோல் கையைக் குழித்து, துணியின் மேல் தட்டும்போது உள்ளே காற்று அடைபட்ட கனமான ஓசை வர வேண்டும். பளீரென்று அறைவதுபோல் கேட்டால் கை தட்டையாக விழுகிறது என்று பொருள். முதுகெலும்பு, சிறுநீரகப் பகுதி, தையல் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, மூச்சை வெளியே விடும் நேரத்தில் விலாவின் மேல் மெல்லிய அதிர்வும் கொடுப்பார்கள். கெட்டிச் சளி நிறைந்தவருக்கும் தானாக இரும முடியாதவருக்கும் இது கைகொடுக்கும். சளியே இல்லாதவருக்கு வலிதான் மிஞ்சும். விலா முறிவு, எலும்புத் தேய்வு, ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. ஆகவே பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்லாமல் வீட்டார் தாமாகத் தட்டக் கூடாது. அறுவைக்குப் பிறகு திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கெண்டைக்கால் வீக்கமோ வந்தால், அது தட்டித் தீர்க்கும் சங்கதியே அல்ல. ரத்தக்கட்டியா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

பந்துக் கருவியை நம் ஊரில் 'பந்து ஊதுவது' என்றே சொல்கிறோம். குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. அதை ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். என் மாமனார் முதல் நாள் முழுவதும் கன்னம் உப்ப ஊதி, பந்து அசையவில்லை என்று சோர்ந்துபோனார். சரியான முறை தெரிந்த பிறகு, மூன்று பந்துகளையும் வெடுக்கென்று தூக்கிக் காட்டினார்; அதுவும் தவறு. ஒன்றோ இரண்டோ பந்துகளை மெதுவாக எழுப்பிச் சில நொடி நிறுத்தி வைக்கும் இழுப்புதான் அடியறை வரை காற்றைக் கொண்டுசேர்க்கும். இந்தக் கருவி தனியாகவே சிக்கல்களைக் குறைக்கிறது என்பதற்கு வயிற்று அறுவை பற்றிய ஆய்வுகளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. மேசையில் கண்ணெதிரே இருந்து நினைவூட்டுகிறது என்பதே அதன் உண்மையான பயன் என்று எனக்குப் படுகிறது.

கருவி இல்லாமலே இந்த ஆழ்ந்த இழுப்பைச் செய்ய முடியும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை, விலாவின் இருபுறமும் கையை வைத்து அவை விரிவதை உணரும்படி மூச்சை மெதுவாக இழுத்து, சில நொடி நிறுத்தி, வெளியே விட வேண்டும். பிறகு தலையணையைத் தையலின் மேல் இறுக அணைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று பலமாக ஊதி, அதன்பின் இரும வேண்டும். தலையணை அணைத்த முதல் இருமலில் மாமனாரின் முகத்திலிருந்த அச்சம் பாதி விலகியதை அருகிலிருந்து பார்த்தேன். வலி மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்து இதைச் செய்வது நல்லது. வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைப்பவர்களே பெரும்பாலும் சளி கட்டி அவதிப்படுகிறார்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நிமிர்ந்தாலே வயிற்றுப் பாரம் கீழிறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது. மருத்துவர் அனுமதித்தால் முதல் நாளே நாற்காலியில் உட்காரவும் நான்கடி நடக்கவும் வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என் எண்ணத்தை மாற்றியது 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் மூன்று மருத்துவமனைகளில் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரில், எல்லோருக்கும் கையேடு கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும் அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் 30 நிமிடம் மூச்சுப் பயிற்சி கற்பித்தார். பின்னர் இரு தரப்பினரையும் ஒரே விதமாக நடக்க வைத்தார்கள். வேறு மூச்சுச் சிகிச்சை எதுவும் தரவில்லை. நுரையீரல் சிக்கல் கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும், கற்றுக்கொண்டவர்களில் 12 சதவீதத்தினருக்கும் வந்தது. அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே, 'மூச்சுப் பயிற்சியை எப்போது சொல்லித் தருவீர்கள்?' என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மயக்கமும் வலியும் கலந்த மறுநாள் காலையில் புதிதாக எதையும் கற்பது கடினம். அறிந்ததைத் திரும்பச் செய்வது அவ்வளவு கடினமல்ல.