260 பவுண்டு போச்சு: பழங்கால கவுன் பேட்டர்ன் ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் முடிக்கப்பட்டுவிட்டது." ஒரே வரி. என் 260 பவுண்டும் அதோடு முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

எந்தக் கடை என்று பெயர் போடப் போவதில்லை. கைவினைப் பொருட்கள் விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில், 'அருங்காட்சியக கவுன்களை உங்கள் உடம்புக்கு ஏற்ற பேட்டர்னாக்கித் தருகிறோம்' என்று கடை விரித்திருக்கும் ஒருவரிடம் வாங்கினேன். பேட்டர்ன் என்றால் துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடம். இங்கே பிரிட்டனில் இருக்கும், கவுன் தைக்கிற கிறுக்குப் பிடித்த நம்மவர்களுக்கு இது போதும், புரிந்துவிடும்.

நான் கேட்டது 1780-களின் ஆங்கிலேய கவுன். இடுப்புவரை உடம்போடு ஒட்டி நிற்கும் ரகம். அதன் அழகே முதுகில்தான். தோளிலிருந்து துணி மெல்லிய மடிப்புகளாக இறங்கும். இடுப்புவரை அந்த மடிப்புகளைக் கையால் தைத்து அடக்கியிருப்பார்கள். நடு முதுகில் இடுப்புத் தையலே இருக்காது. அதே துணி வெட்டுப்படாமல் கீழே பாவாடையாக விரியும். 'ஆன் ஃபூரோ' என்பார்கள். செப்டம்பரில் பாத் நகரத்தில் நடக்கும் ஜேன் ஆஸ்டின் விழாவுக்கு முக்கால்வாசிப் பேர் உயர்ந்த இடுப்பு வைத்த வெள்ளை மஸ்லினில்தான் வருவார்கள். எனக்கு அதற்கு முந்தைய தலைமுறையின் சீட்டித்துணி கவுன் வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன அந்தப் பூப்போட்ட துணி எங்கே தங்கள் கம்பளி, பட்டு நெசவைக் கவிழ்த்துவிடுமோ என்று பயந்து, 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இங்கிலாந்தில் தடுத்தார்கள். 1774-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதனால் 1780-களில் சீட்டித்துணி கவுன் போடுவதில் எனக்கு ஒரு தனி வீம்பு உண்டு.

தைப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் கவுன்களைப் பெரிதாக்குவது வேறு வித்தை. அந்தக் காலத்தில் அச்சடித்த பேட்டர்னே கிடையாது. தையற்காரி லைனிங் துணியை, உள்ளே போடும் ஸ்டேஸுக்கு (உடம்பை இறுக்கி நிறுத்தும் விறைப்பான கச்சை) மேல் வைத்து, உடம்பிலேயே ஊசி குத்தி, அங்கேயே வெட்டுவாள். உடம்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் கிடையாது. அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் கவுன்களில் பல சின்ன உடம்புக்காரர்களுடையவை. என் சைஸுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மார்பிலும் விலாவிலும் கூட்ட வேண்டும்; முதுகைக் குறுகலாகவே விட வேண்டும்; கை சேரும் வளைவான ஆர்ம்ஹோலை உயரத்திலேயே வைக்க வேண்டும். இதைச் செய்து தரத்தான் 175 பவுண்டு. லைனிங்குக்கு லினன், லினன் நூல், தேன்மெழுகு, நாடா என்று ஒரு கிட்டுக்கு 85. மொத்தம் 260.

நம்பினது எந்த இடத்தில் என்றால், வீடியோ காலில். அவர் ஒரு பழைய கவுனை எடுத்து, உள்பக்கம் திருப்பி, லைனிங்கைக் கேமரா அருகே கொண்டுவந்து காட்டினார். "மேல்கையைக் கடைசியில்தான் தைப்பார்கள், பாருங்கள், தோள்பட்டித் துண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது" என்றார். சரியான பேச்சு. அப்புறம், "அளவை ஸ்டேஸ் போட்டுக்கொண்டு எடுங்கள், இல்லையென்றால் எதுவும் பொருந்தாது" என்றார். தொழில் தெரிந்தவர்தான் இதைச் சொல்வார். ஒரு தாள் நிறைய அளவெழுதி அனுப்பினேன். பணமும் போனது.

பேட்டர்ன், நாமே அச்செடுத்துக்கொள்ளும் ஃபைலாக வந்தது. வந்ததும் நேராக நல்ல துணியில் கை வைக்கவில்லை. காடாத் துணியில் வெட்டிக் கோத்துப் போட்டுப் பார்த்தேன். கழுத்து தோளைவிட்டு வழிந்தது. கையைத் தூக்கினால் கவுன் மொத்தமும் கூடவே ஏறுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். ரவிக்கை தைத்தே எங்களை வளர்த்தவர். "ஏங்கண்ணு, அக்குள் இவ்ளோ கீழ எறங்கிருக்குது? இதைப் போட்டுட்டு கையை எப்படித் தூக்குவ?" என்றார். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம்தான் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்தேன். கடைப் பக்கத்தில் மூல கவுனின் சின்ன வரைபடம் அளவுகளோடு இருக்கிறது. என் பேட்டர்னை அதோடு ஒப்பிட்டால் மார்பு, தோள்பட்டி, கழுத்து, ஆர்ம்ஹோல், எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகியிருக்கின்றன. நான் அனுப்பிய அளவு ஒன்றுகூட அதில் இல்லை. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. தையலுக்கு விட்ட இடத்தில் 'அரை அங்குலம்' என்று எழுதியிருக்கிறது. அளந்தால் அரைக்கும் முக்காலுக்கும் நடுவே நிற்கிறது! தையல் விளிம்போடு சேர்த்து மொத்தப் படத்தையும் மவுஸால் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். இதற்கு 175 பவுண்டு. முதுகுத் துண்டோ இடுப்போடு நறுக்கியிருக்கிறது. நான் ஆசைப்பட்ட ஆன் ஃபூரோவே அதில் இல்லை.

சந்தேகம் வந்துவிட்டதே என்று கிட்டில் வந்த 'லினன்' ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினேன். லினன் என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் தூளாகும். இது சுருங்கி, உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணியாகத் திரண்டது. பாலியஸ்டர் கலந்த துணி.

இனி அவர் பதில்களைக் கேளுங்கள். முதலில், "உங்கள் பிரிண்டரில் ஸ்கேல் மாறியிருக்கும்." அச்சு அளவு சரியா என்று பார்க்கப் பக்கத்தின் மூலையில் இருந்த சோதனைச் சதுரத்தை அளந்து போட்டோ அனுப்பினேன்; மயிரிழை பிசகவில்லை. சதுரத்தைப் படத்தை இழுத்த பிறகு ஒட்டியிருக்கிறார் போல. அடுத்து, "உங்கள் ஸ்டேஸ் சரியான வடிவம் இல்லை." அடுத்து, "பழங்கால வெட்டுக்கு நம் கண் பழகவில்லை, போகப் போகப் பிடிக்கும்." அக்குள் கிழிகிற அளவுக்குப் பிடிக்கும்! அதன்பின் "திருத்திய ஃபைல் இந்த வாரம்", "அடுத்த வாரம்", "உடம்பு சரியில்லை". ஃபைல் வரவே இல்லை. புகார் கொடுக்கும் கெடு தாண்டியதும் அவர் குரலே மாறிவிட்டது: "உங்களுக்கென்றே தனியாகச் செய்தது, பணம் திருப்பித் தர முடியாது." எனக்கென்று செய்த ஒரு கோடாவது அந்தத் தாளில் இருக்கிறதா?

சந்தைக்காரர்களிடம் போனால் இயந்திரம்தான் பேசுகிறது. டிஜிட்டல் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லையாம். சரி, கிட் டிஜிட்டலா? துணி எரிந்த போட்டோவை அனுப்பினேன். "விற்பனையாளருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்தது. மறுபடி எழுதினேன். நேற்று அந்த ஒரு வரி. 260 பவுண்டு என்பது எனக்கு எத்தனை ரவிக்கைக்கான கூலி என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கியவர் யாராவது அந்தக் கவுனைப் போட்டு, கையைத் தூக்கி நிற்கும் போட்டோ கேளுங்கள். பொம்மை மேல் மாட்டிய படத்தை ஏற்காதீர்கள். ஃபைல் வந்தவுடன் தையல் விளிம்பை அளந்து பாருங்கள். 'லினன்' என்றால் ஒரு இழையைக் கொளுத்துங்கள். 'திருத்தி அனுப்புகிறேன்' என்று சொன்னாலும் புகாரைக் கெடுவுக்குள் பதிந்து வையுங்கள். விற்கும்போது சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது இங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, டிஜிட்டலுக்கும் சேர்த்து. அதைச் சொல்லி வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆ, இன்னொன்று: லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய உடைகள் சிலவற்றின் பேட்டர்னை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

இன்று காலை அந்தக் கடையைத் திறந்து பார்த்தேன். அதே கவுன், அதே படம், அதே 175 பவுண்டு. கீழே சிவப்பு எழுத்தில் 'இன்னும் இரண்டு மட்டுமே மீதம்'. ஃபைலுக்கு ஏதய்யா ஸ்டாக்?