51 துண்டுகள் இருந்தும் 5/4 வரவில்லை

பின்னப் பட்டைகள், அதாவது ஒரு முழு நீளத்தையும் அதன் சம பங்குகளையும் காட்டும் பிளாஸ்டிக் துண்டுகள், வாங்க நினைக்கிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தகா பின்னம் (5/4 போல, மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிதாக இருப்பது) சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு வேண்டும்.

நான் வாங்கியது பரவலாகக் கிடைக்கிற 51 துண்டு வகை. ஒரு முழுப் பட்டை, 2 அரை, 3 மூன்றிலொன்று, 4 கால், 5 ஐந்திலொன்று, 6 ஆறிலொன்று, 8 எட்டிலொன்று, 10 பத்திலொன்று, 12 பன்னிரண்டிலொன்று. கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக 51 வரும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழுமையை நிரப்பத் தேவையான துண்டுகள் மட்டுமே. கால் துண்டு நான்குதான். ஐந்தாவது கால் பெட்டியில் எங்கே தேடினாலும் கிடைக்காது. கூடவே வந்த தட்டிலும் ஒவ்வொரு வரிசையும் முழுப் பட்டையின் நீளத்தோடு முடிந்துவிடுகிறது. கையேட்டில் உள்ள பயிற்சிகளும் அப்படியே, ஒன்றைத் தாண்டுவதில்லை.

ஒன்றைவிடச் சின்னதான தகு பின்னத்துக்கு இது நல்ல பொருள், குறையே சொல்ல மாட்டேன். 1/2-ம் 2/4-ம் 4/8-ம் சமம் என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். 1/3-ஐவிட 1/4 சின்னது என்பதும் அப்படித்தான். 4 பெரிய எண் ஆயிற்றே என்று தகராறு செய்கிற பிள்ளைகூடத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்ததும் அடங்கிவிடும். ஆனால் நான் இதை வாங்கியது அதற்காக இல்லை.

என் மகன் ஐந்தாம் வகுப்பு. தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றும் கணக்குகளைக் கடகடவென்று போடுவான். 17/5 கொடுத்தால் 17-ஐ 5-ஆல் வகுப்பான், ஈவு 3, மீதி 2, உடனே 3 2/5 என்று எழுதிவிடுவான். சரி, 9/4 என்பது 2-ஐவிடப் பெரியதா சின்னதா என்று கேட்டால் முழிப்பான். "நாலு துண்டுதானே இருக்கு, அதுல எப்படிம்மா ஒன்பது எடுக்க முடியும்?" என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்றுக்கு வண்ணம் தீட்டு என்றே பின்னத்தை ஆரம்பித்து வைக்கிறோம். இருப்பதிலிருந்து எடுப்பதுதான் பின்னம் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் நான்கில் ஒன்பது அபத்தம்தான். இந்தப் பெட்டியும் நான்கு கால்களோடு நின்றுபோய் அவன் பக்கமே சாட்சி சொல்கிறது.

இரண்டாவது பெட்டி வந்த பிறகுதான் வேலை நடந்தது. முழுப் பட்டையை மேலே வைத்து, கீழே கால் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னேன். வாய்விட்டு எண்ண வேண்டும்: ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால், ஐந்து கால். நான்காவதில் மேல் பட்டை முடிந்துவிடும், ஐந்தாவது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "அப்போ இது ஒன்றேகால்" என்றான். அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கீழே உள்ள 4 அது என்ன துண்டு என்று சொல்கிறது, மேலே உள்ள எண் அந்தத் துண்டு எத்தனை என்று சொல்கிறது. எண்ணிக்கை நான்கில் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டு பெட்டியிலும் சேர்த்து எட்டு கால்கள், அதாவது 8/4 வரை போகலாம். ஒன்பதாவது காலுக்கு இரண்டு எட்டிலொன்றுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்ணி வீட்டிலிருந்து வட்டத் துண்டுகள் செட் ஒன்றும் வந்திருந்தது. பார்க்க அழகாக இருக்கும், தகா பின்னத்துக்கு மட்டும் வேண்டாம் என்பேன். ஐந்து கால் துண்டுகளை வைக்க இரண்டு வட்டம் தேவை. இரண்டிலும் சேர்த்து எட்டு இடங்கள், ஐந்து நிரம்பியிருக்கின்றன. பிள்ளை என்ன சொல்லும்? 5/8. இரண்டு வட்டத்தையும் சேர்த்து ஒரே முழுமையாக எடுத்துக்கொண்டால் அந்த விடை சரிதான், அதனால் திட்டவும் முடியாது. பட்டைகளில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ஒன்று எது என்பது மேலே கண்ணெதிரே கிடக்கிறது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் "இதில் ஒன்று எது?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

பட்டைகளின் இன்னொரு வசதி, அப்படியே எண்கோட்டுக்குப் போய்விடலாம். நீளமான காகிதத்தில் முழுப் பட்டையை வைத்து 0, 1, 2 குறித்துவிட்டு, கால் துண்டை நகர்த்தி நகர்த்திக் கோடு போட்டால் 7/4 எங்கே நிற்கிறது என்று தெரியும். 6/4 ஒன்றரையின் மேலேயே வந்து உட்காரும். இதற்கு ஒரே துண்டு போதும், இரண்டாவது பெட்டிகூட வேண்டாம்.

தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் வழுக்குகிறது, அடியில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலொன்று துண்டுகள்தான் முதலில் காணாமல் போகும். ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் பின்னம் அச்சிட்டிருப்பது தொடக்கத்தில் உதவி, பிறகு தொல்லை. பிள்ளை அளவைப் பார்க்காமல் எழுத்தைப் படித்து விடை சொல்லும். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் நான் கவிழ்த்துவைத்துவிடுகிறேன்.

இன்னொரு குறை, 1/7-ம் 1/9-ம் கிடையாது. வட்டத்தின் பரப்பளவு கணக்கில் எல்லாரும் போடுகிற 22/7-ம் தகா பின்னம்தானே, அதை இந்தப் பட்டைகளில் காட்ட வழியில்லை. அதற்குக் குசினேர் கோல்கள் பொருத்தம். ஜார்ஜ் குசினேர் என்ற பெல்ஜிய ஆசிரியர் உருவாக்கியவை. 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளம், பத்து நிறம், எண் எதுவும் அச்சிட்டிருக்காது. வெள்ளைக் கோல் 1, ஊதா 4, மஞ்சள் 5, கறுப்பு 7. கறுப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மூன்று கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது 22/7. மூன்றுக்குச் சற்றே மேல் என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஊதா ஒன்று என்றால் மஞ்சள் 5/4. மஞ்சள் ஒன்று என்றால் ஊதா 4/5. எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்தது. மகனுக்கு முதலில் எரிச்சல்தான், "நேத்து இதுதானே ஒன்றுன்னு சொன்னீங்க" என்று. அதனால் பட்டைகள் முதலில், கோல்கள் அப்புறம்.

இரண்டாவது பெட்டி வாங்க மனமில்லாதவர்கள் கெட்டி அட்டையில் கூடுதல் துண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். கால், மூன்றிலொன்று இரண்டும் போதும். அளவுகோல் வைத்து வரையாதீர்கள். ஒவ்வொன்றிலும் துளி பிசகினாலும் ஏழெட்டுத் துண்டு சேரும்போது 8/4 என்பது 2-ல் போய் நிற்காது, பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். அசல் துண்டையே அட்டையின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, கோட்டின் உள்பக்கமாக வெட்டுங்கள்.